‘நம்’ அங்கே என்ன வேலை செய்கிறது?

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே அல்ல. ஒரு கேன்டீனில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில், குண்டூசி குத்தி மாட்ட வேண்டிய அரைப்பக்கத் தாள். மாட்ட விடவில்லை. முதல் முறை போனபோது வாசல் காவலாளி, “மேல சொல்லியிருக்காங்க தம்பி, என் வயித்துல அடிக்காதே” என்றார். இரண்டாம் முறை, தாளையாவது உள்ளே கொடுத்துவிடச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். நான் திரும்புவதற்குள் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆடுவது நின்றது. என் எழுத்தால் இதுவரை விளைந்த ஒரே நன்மை அதுதான்.

சுவரில் இடம் கிடைக்காத அரைப்பக்கம் இப்படிக் கதையாக வீங்கிவிட்டது. வீக்கம் எதனால் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அடி பட்டால் வரும்.

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

“அன்று காலை அந்தக் கண்ணாடிக் கதவுகளில் வெயில் வழிந்துகொண்டி—”

(வெயிலுக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

“என் அக்கா ஒரே ஒரு சொல்லால் வேலையை இழந்தாள்.”

(நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் சந்தேகம். சொல் யாரையும் வேலையை விட்டுத் தூக்காது. ஆள்தான் தூக்குவான்.)

“குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் பொதுவாக அமைதியான—”

(பொய்.)

சரி, தொடக்கம் வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

2

தெரியாதவர்களுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணக் குறுக்கெழுத்தில் “குளத்தங்கரையில் குதிப்பது” என்று கேட்பார்கள். தவளை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அக்கா போடுவது வேறு ரகம். அவள் தவளையை இப்படிக் கேட்டாள்:

நடந்த வளைவுக்குள் ஒளிந்து குதிப்பது (3)

படித்ததும் ஒரு சந்துமுனை தெரிகிறது. யாரோ பதுங்கியிருக்கிறான். அந்தப் படத்தை நம்பினால் தொலைந்தீர்கள். எழுத்துகளை மட்டும் பாருங்கள். ‘நடந்த வளைவு’. நடுவில் த, வ, ளை. ‘ஒளிந்து’ என்பது எங்கே தேட வேண்டும் என்ற வழிகாட்டி. ‘குதிப்பது’ என்பது விடைக்கான பொருள். மூன்று என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. துடைத்து வைத்த தட்டு மாதிரி, மிச்சம் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். கேன்டீன் பலகையின் தலையில் தடித்த பேனாவால் நானே எழுதி வைத்திருந்தேன்: ‘எல்லாச் சொல்லும் வேலை செய்ய வேண்டும். சும்மா நிற்கும் சொல்லுக்கு இங்கே இடமில்லை.’ அந்தக் கையெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

அந்த இடம் ஒரு பார்சல் கிடங்கு. அக்காவுக்கு அங்கே பகல் வேலை, திரும்பி வரும் பொருள்கள் பிரிவில். யாரோ வாங்கி, வேண்டாம் என்று அனுப்பியதைப் பிரித்துப் பார்த்து, ஏன் திரும்பி வந்தது என்று குறிக்க வேண்டும். மற்றவர்கள் பத்துக்கு எட்டுப் பெட்டியில் ‘பிற காரணங்கள்’ என்று போட்டுவிட்டுப் போவார்கள். அவள் போடமாட்டாள். பெட்டியை முகர்ந்து பார்ப்பாள், உலுக்கிப் பார்ப்பாள். ‘படத்தில் நீலம், பெட்டியில் பச்சை’ என்று எழுதுவாள். ‘பரிசாக வந்தது, கொடுத்தவரைப் பிடிக்கவில்லை’ என்றுகூட ஒருமுறை எழுதினாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “உறையைக்கூடப் பிரிக்காம வாழ்த்து அட்டையை மட்டும் கிழிச்சிருக்காங்கடா” என்றாள்.

அந்த நிறுவனம் வாரம் ஒரு தாள் அச்சடித்து ஊழியர்களுக்குக் கொடுக்கும். பிறந்தநாள் வாழ்த்து, பாதுகாப்பு அறிவுரை, தலைவர் படம். கடைசிப் பக்கத்தில் அக்காவின் கட்டம், ‘ஊசி’ என்ற பெயரில். நான் அதே கிடங்கில் ராத்திரி ஷிப்டில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தவன், ஆந்தை என்று கூப்பிடுவார்கள். அந்த வேலையை ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள். அதற்கு முன் படிப்பையும் விட்டேன். வேலையை விட்ட பிறகும் ஒன்றை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் போன கட்டத்துக்கு விளக்கம் எழுதி அந்தப் பலகையில் மாட்டுவேன். விடை எல்லோருக்கும் கிடைத்துவிடும். ஏன் அதுதான் விடை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. விளக்கம் இல்லாத விடை எனக்கு ஆகாது. அக்கா வீட்டு முன்னறையில் படுத்து, அவள் போடும் சோற்றைத் தின்று, நான் செய்த ஒரே வேலை அது.*

* மாமா, அதாவது அக்காவின் கணவர், இதை வேலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். பெட்டிகள் பழுதாகும் மாதத்தில் அவருக்கு வேலை உண்டு. மற்ற மாதங்களில் வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடியது. இந்தக் கதையில் எது போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

3

தலைவர் அழுதார்.

(இந்தப் பகுதியை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.)

பார்சல் ஏற்றும் மேடையில் ஒலிபெருக்கி வைத்து எல்லோரையும் கூப்பிட்டார்கள். “நம் குடும்பத்திலிருந்து” பதினோரு பேரைப் பிரிய வேண்டியிருக்கிறது என்றார். “நம் கூரை”யைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றார். “நம் மனசு” தாங்காது என்று கைக்குட்டையை எடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் ஒரு ‘நம்’. பதினோரு பேரும் வரிசையில் நின்று, தங்கள் வேலை போனதற்கு அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். வேலையைப் பறித்தவன் அழுகிறான், பறிகொடுத்தவன் தட்டிக்கொடுக்கிறான். இதைவிடக் கேவலமாக ஒன்றை நான் கற்பனை செய்து எழுத வேண்டுமானால் கொஞ்சம் அவகாசம் தேவைப்படும்.

ஏன் அந்தப் பதினோரு பேர் என்று யாரும் சொல்லவில்லை. விடை மட்டும். விளக்கம் இல்லை.

அடுத்த வாரத் தாளில், அக்காவின் கட்டத்தில், பதினாலாவது குறிப்பு:

முட்டாளின் தொடக்கம், நம் தலைவரில் பாதி: அழுதால் நம்பாதே (3)

சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டுகிறவருக்கு அங்கே யானைப்பாகன் என்று பெயர். அவர்தான் முதலில் அவிழ்த்தார். சாப்பாட்டு மேசையைத் தட்டி, “டேய், முதலைடா! முதலை!” என்று கத்தியிருக்கிறார். பிறகு அவரே சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “யாருன்னு நான் சொல்லல” என்றாராம். சொல்லாமலே போதும். சாயந்திரத்துக்குள் அந்த ஒரு வரியைப் படமெடுத்து எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். பல வருஷம் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதவன்கூடச் சிரித்தான்.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

4

“நீயும் வா” என்றாள். “விளக்கறவன் இல்லாம நான் எதுக்குப் பேசணும்?”

போனோம். நீள மேசை. எதிர்ப்பக்கம் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் தண்ணீர் பாட்டில், எங்கள் பக்கம் இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் பணியாளர் துறை மேடம். இன்னொருவர் நிர்வாக அதிகாரி, தலைவரின் மனைவியுடைய தம்பி. முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் மச்சான்.

“நீங்கதான் அந்த விளக்கறவரா?” என்றார் மேடம்.

“ஆமா மேடம்.”

“விளக்குங்க.”

விளக்கினேன். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகச் செய்த விளக்கம் அதுதான்.

“முட்டாளின் தொடக்கம்னா அந்தச் சொல்லோட முதல் எழுத்து மேடம். மு. தலைவரில் பாதின்னா நாலு எழுத்துல ரெண்டு. தலை. சேர்த்தா முதலை. அழுதால் நம்பாதேங்கறது முதலைக் கண்ணீர், அதான் பொருள். இதுல யாரும் ஆள் கிடையாது. தலைவர்ங்கறது இங்க வெறும் நாலு எழுத்து.”

“அட! நல்லாருக்கே” என்றார் மேடம். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். மச்சான் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ரொம்ப நல்லாப் புரிஞ்சுது தம்பி. முட்டாளுக்குக் கணக்கு சொல்லிட்டே. தலைவருக்குச் சொல்லிட்டே. பாதி, அழுதால், நம்பாதே, எல்லாம் சரி. நடுவுல ஒரு ‘நம்’ நிக்குதே. அது என்ன வேலை செய்யுது?”

[இந்த இடத்தில் நான் எழுதிய ஒரு பத்தியை அடித்துவிட்டேன். மச்சானைப் பற்றியது. அவரை மந்தபுத்திக்காரர் என்று காட்டியிருந்தேன். அது அநியாயம். அந்தக் கட்டடத்திலேயே அக்காவின் குறிப்பை ஒரு சொல் விடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான்.]

செல்போனை எடுத்து மேசையில் வைத்தார். பலகையின் படம், என் கையெழுத்தோடு. எல்லாச் சொல்லும் வேலை செய்ய வேண்டும்.

“சட்டம் நீ போட்டதுதானே?”

“அது... ஓசைக்கு சார். ‘நம்’ தலைவர், ‘நம்’பாதே. மோனை. காதுக்கு நல்லாருக்கும்னு...”

“என்னது?” இது அக்கா.

“அக்கா, சும்மா இரு.”

“ஓசைக்கா? நான் ஓசைக்காக ஒரு சொல்லப் போடுவேனா? இத்தனை வருஷத்துல என் கட்டத்துல ஒரு சொல்லு சும்மா நின்னிருக்காடா? எங்க, ஒண்ணு காட்டு பாப்போம்!”

மேடம் நல்லவர். உண்மையிலேயே முடித்துவைக்கப் பார்த்தார். “சரிம்மா, அப்போ தவறுதலா வந்துடுச்சுன்னு வச்சுக்கலாம். அடுத்த வாரத் தாள்ல ஒரு வரி போட்டுடுவோம். ‘ஒரு சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது.’ அவ்வளவுதான். எல்லாரும் வேலையைப் பாக்கப் போகலாம்.”

“ஒரே வரிதான்” என்றார் மச்சான். “மன்னிப்புகூடக் கேட்க வேணாம்.”

அக்கா அந்தத் தாளை எடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். பதினாலாவது குறிப்பைப் படித்தாள். கீழே வைத்தாள்.

“தவறு இல்ல.”

“அப்போ?”

“அந்தச் சொல்லு வேலை செய்யுது.”

“அதான் என்ன வேலைன்னு கேக்கறேன்.”

“இப்போ இந்தக் கூட்டத்தக் கூட்டியிருக்கீங்களே சார். அந்த வேலை.”

5

இங்கே கதையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். யானைப்பாகனிடம் சொன்னபோது அவர் இங்கேதான் தட்டினார். “உங்க அக்கா சிங்கம்டா” என்றார்.

ஆனால் நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாளே, அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டம் முழுக்க நிரப்பி முடித்து, கடைசிச் சொல்லில் ஒரு எழுத்து இடிக்கும்போது ஒரு முகம் வரும். அந்த முகம் ஒரு கணம் வந்து போனது. அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது. ‘நம்’மை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாளா?

அப்படியானால் என் பாத்திரம் சிங்கம் இல்லை. தெரியாமல் ஒரு சொல் விழுந்துவிட்டது என்று சொல்ல மானம் இடம் கொடுக்காமல், தெரிந்தே தலைவரைத் திட்டினேன் என்று பழியை ஏற்றுக்கொண்ட ஒருத்தி. உலகத்தில் எவளாவது இப்படிச் செய்வாளா? சம்பளம் போனாலும் பரவாயில்லை, குறிப்பு ஓட்டை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்று? இதை ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். “பாத்திரம் நம்பும்படி இல்லையே” என்றார். அவர் குறுக்கெழுத்துப் போடுகிறவர்களோடு பழகியதில்லை.

வீட்டில் மாமா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“தெரியாம விழுந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா வாய் முத்து உதிர்ந்துடுமா?”

“உங்க ஃபிரிட்ஜ்ல, எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினா என்ன பண்ணுவீங்க?”

“டப்பாவுல போட்டு வச்சுப்பேன். ஃபிரிட்ஜ் ஓடுதில்ல?”

“அதான் ரெண்டாம் மாசமே திரும்பி வருது.”

மாமா பூண்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ ஒருத்தன். போய்க் காப்பாத்துடான்னா, மோனை எதுகைன்னு பாடம் நடத்திட்டு வந்திருக்க.”

உத்தரவு இரண்டு நாளில் வந்தது. ‘நிர்வாகக் காரணங்களாலும் நம் நிறுவனத்தின் நலன் கருதியும் தங்கள் பணி இத்துடன் நிறைவடைகிறது.’ அக்கா அதைக் குறிப்பைப் படிப்பதுபோலத்தான் படித்தாள். பென்சிலை எடுத்து, வேலை செய்யாத சொற்களை ஒவ்வொன்றாக அடித்தாள். ‘நிர்வாகக் காரணங்கள்’ போயிற்று. ‘நம்’ போயிற்று. ‘நலன்’ போயிற்று. ‘நிறைவடைகிறது’ என்பதை வட்டமிட்டு, ‘பொருத்தமற்ற சொல்’ என்று ஓரத்தில் எழுதினாள். கடைசியில் ‘தங்கள் பணி’ மட்டும் நின்றது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒரு ஊழியர் எழுதிய ஒரு வரியில் ஒரு சொல் அதிகமாகிவிட்டதென்று கூட்டம் போட்டார்கள், படம் காட்டினார்கள், கணக்குக் கேட்டார்கள். அவர்கள் எழுதிய உத்தரவில் ஒரு சொல்லாவது வேலை செய்கிறதா? அதற்கு யார் கூட்டம் போடுவது? ஒரு பெட்டி திரும்பி வந்ததற்குக்கூடக் காரணம் தேடி எழுதினாள் அவள். அவளைத் திருப்பி அனுப்பியவர்கள் ‘பிற காரணங்கள்’ என்று குறித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைப் படமெடுத்து அனுப்பியவர்களை மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். அத்தனை பேரும் ஒரே பதில்: “எனக்கு இந்தப் புதிரெல்லாம் தெரியாது மேடம்.” மேசையைத் தட்டிய யானைப்பாகனும் அதையேதான் சொன்னார். சிங்கம் என்று அவர் என்னிடம் சொன்னது அதற்கு மறுநாள்.

6

மாற்று முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். அதில் கேன்டீன் முழுக்க எழுந்து நின்று, அவரவர் தாளில் பதினாலாவது கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டு, தலைவரின் மேசையில் கொண்டு போய்க் குவிக்—

(இல்லை. அப்படி நடக்கவில்லை. நடக்காததை எழுதி அவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்க நான் என்ன அவர்கள் வீட்டு ஆளா?)

உண்மையில் நடந்தது இது. அடுத்த வாரத் தாளிலும் கட்டம் இருந்தது. யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டது. முதல் குறிப்பு: ‘நம் நிறுவனத்தின் மூச்சு (4)’. விடை, உழைப்பு. எல்லோரும் நிரப்பினார்கள். அந்த ‘நம்’ என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உன் மேல எனக்குக் கோபம் கிடையாது. நீ நேர்மையா விளக்கினே. பகல் ஷிப்ட் தரேன், வந்துடு. கடைசிப் பக்கத்தையும் நீயே பாத்துக்கோ. இப்போ வர்றது சகிக்கல.”

“அக்காவோட கடைசிக் கட்டத்துக்கு விளக்கம் மாட்டணும் சார். அதான் வழக்கம்.”

“அது மட்டும் வேணாம்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் யோசிக்கவில்லை. “போடா” என்றார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“போறதுன்னா போ” என்றாள். “ஆனா உன் கட்டத்துல ஒரு சொல்லு மிஞ்சிச்சுன்னா வீட்டுப் பக்கம் வராதே.”

அப்போதுதான் கேட்டேன். “அக்கா, உண்மையைச் சொல்லு. ‘நம்’ வேணும்னு போட்டியா, தவறி விழுந்துச்சா?”

மடித்த சட்டையை உதறி, மறுபடியும் மடித்தாள்.

“விளக்கறவன் நீதானே?”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவள் மிச்சம் வைக்கிறவள் அல்ல. அல்லது ஒரே ஒருமுறை வைத்துவிட்டாள். காவலாளியிடம் இரண்டு தடவை போனது இதற்குப் பிறகுதான். மச்சானுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விளக்கம் எங்கேயாவது வெளியே வந்த பிறகுதான் பதில்.

7

இதுதான் அந்த அரைப்பக்கம். மேசைக் காலுக்கு அடியில் இருப்பதன் நகல்.

14 குறுக்காக. முட்டாளின் தொடக்கம், நம் தலைவரில் பாதி: அழுதால் நம்பாதே (3)

விடை: முதலை.

முட்டாளின் தொடக்கம்: மு.

தலைவரில் பாதி: தலை.

அழுதால் நம்பாதே: விடைக்கான பொருள்.

நம்: [                              ]

நேர்மையாகச் சொல்கிறேன், அந்த அடைப்புக்குறியை நான் ஐந்தாறு விதமாக நிரப்பிப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்றே என்று எழுதினால் அவள் சிங்கமாகிறாள், நீங்கள் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். தட்டினவர்களை நான் பார்த்தாயிற்று. தவறுதலாக என்று எழுதினால், மச்சான் கேட்ட அந்த ஒரே வரியை அவள் தம்பியே எழுதிக் கொடுத்ததாகும். இரண்டையும் நான் எழுதமாட்டேன். முடிவு வேண்டும் என்பவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் தாராளமாக விட்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன் பதினாலாவது குறிப்பை இன்னொரு தடவை, சொல் சொல்லாகப் படியுங்கள். அந்தப் பதினோரு பேர் வரிசையில் நின்றதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஓசைக்காக என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த அறையில்தான் இருக்கிறாள், காதில் விழும்.